எழுத்தெல்லாம் தெரிகிறது என்றாலும் கண்ணைக் காட்டுங்கள்: சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை



என் பெரியத்தாவுக்கு வயது 62. மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போய், சூளை வேலையிலேயே முப்பது வருடத்தைக் கழித்தவர். 14 வருடமாகச் சுகர் உண்டு. மாத்திரையை ஒரு நாளும் தவற விட மாட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கத்து ஊரில் ஒரு கண் முகாம் நடந்தது. போய் வரிசையில் நின்றார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். புரை இல்லை, கிட்டப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி போதும் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வீட்டில் எல்லோரிடமும் காட்டினார். "எனக்குக் கண்ணு நல்லா இருக்கு தம்பி, எழுதியே கொடுத்துட்டாங்க" என்று என்னிடமும் சொன்னார். நானும் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வருடம் ஒரு நாள் ஃபஜ்ரு தொழுகைக்குப் பிறகு குர்ஆனைத் திறந்தவர், பக்கத்தின் மேல் கறுப்பு நூல்கள் மிதப்பதாகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைக் கழுவினார். நூல் போகவில்லை. லுஹருக்குள் வலது கண்ணுக்கு முன்னால் புகை மூட்டம் போட்டது போல் ஆகிவிட்டது. வலி கொஞ்சமும் இல்லை. மறுநாள் புதுச்சேரிக்கு அழைத்துப் போனபோது, கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இது நேற்று வந்த நோயல்ல, வருடக் கணக்கில் இருந்திருக்கிறது, இடது கண்ணிலும் இருக்கிறது என்றார் மருத்துவர்.

முகாம் நடத்தியவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அவர்கள் புரையையும் கண்ணாடிப் பவரையும் பார்க்க வந்தார்கள், அதைச் சரியாகவே பார்த்தார்கள். சர்க்கரை நோய் கண்ணில் எங்கே குடியிருக்கிறதோ அந்த இடத்தை அன்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது வேறு, விழித்திரையைப் பார்ப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத வீடுகள் நம்மில் ஏராளம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

கண்ணின் பின்சுவரில் மெல்லிய தோல் போலப் படர்ந்திருப்பது விழித்திரை. நாம் காணும் காட்சி விழுவது அங்கேதான். அதற்கு உணவும் காற்றும் கொண்டு போவது தலைமுடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள். ரத்தத்தில் சர்க்கரை வருடக் கணக்கில் கூடுதலாக இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் பலமிழக்கிறது. முதலில் அங்கங்கே ஊசிமுனை அளவுக்குக் குமிழ் விடும். பிறகு நீரும் கொழுப்பும் கசியும். சில குழாய்கள் அடைபட்டுப் போகும். வாய்க்கால் அடைபட்டால் கடைமடை காய்வது போல, விழித்திரையின் சில பகுதிகள் ரத்தம் கிடைக்காமல் வாடும்.

வாடிய விழித்திரை சும்மா இருப்பதில்லை. புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. கேட்க நல்லதாகத் தோன்றினாலும் இங்கேதான் ஆபத்து. புதிதாக முளைப்பவை மிகவும் பலவீனமானவை, லேசில் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டிவிடும். பெரியத்தா கண்ட கறுப்பு நூல்கள் அந்த ரத்தத்தின் நிழல்கள். இதையும் கடந்தால், அந்தக் குழாய்களோடு வளரும் தழும்புத் தசை சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். மருத்துவர்கள் இந்த நோயை டயாபடிக் ரெட்டினோபதி என்கிறார்கள். தமிழில் நீரிழிவு விழித்திரை நோய்.

விழித்திரையின் நடுவில் மாக்குலா என்ற சிறு பகுதி உண்டு. எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. கசிவு அந்த இடத்தை எட்டி அங்கே நீர் கோத்துக்கொண்டால் பார்வை மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். எட்டாத வரை நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடலாம். பெரியத்தா படித்தது அப்படித்தான். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வலி இல்லை, மங்கல் இல்லை, சிவப்பு இல்லை. ஆளைத் தொந்தரவு செய்யாமலேயே நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

சர்க்கரை நோயாளிக்குக் கண்ணில் வரும் கோளாறு இது ஒன்று மட்டுமல்ல. புரை மற்றவர்களை விட முன்கூட்டியே வரும். கண் நீர் அழுத்த நோய்க்கும் வாய்ப்பு அதிகம். திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்தால் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். சுகர் ஏறி இறங்கும் போது கண்ணின் லென்ஸ் உப்பி வடிவதால் கண்ணாடிப் பவரும் கூடக் குறையத் தெரியும். அதனால் சுகர் தாறுமாறாக இருக்கும் சமயத்தில் புதுக் கண்ணாடி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்துப் பவர் பார்ப்பதே சரி.

நம் பகுதிக்கென்று ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். சூளையின் வெப்பக் கதிர்களைப் பல வருடம் நேருக்கு நேர் பார்ப்பவர்களுக்குப் புரை வரலாம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். அதனால் செராமிக் வேலை செய்தவர்கள் பார்வை மங்கினால், "சூளைச் சூடு, வேறொன்றுமில்லை" என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார்கள். சூளை விழித்திரையில் ரத்தக் கசிவை உண்டாக்காது. சுகர் இருப்பவர் பழியைச் சூளை மேல் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாட்கள்தான் வீணாகும்.

எத்தனை பேருக்கு வருகிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. கண்ணைப் பற்றிய கணக்குக்கு வேறெங்கும் போக வேண்டாம், நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. சங்கர நேத்ராலயா மருத்துவமனை சென்னையில் தனியே செய்த ஆய்விலும் ஏறத்தாழ 18 என்றே வந்தது. கிராமப்புறத்தில் அவர்கள் பார்த்தபோது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தது.

சென்னை ஆய்வில் என்னை உலுக்கிய எண் இன்னொன்று. சர்க்கரை நோய் இருப்பதே அந்த ஆய்வின் போதுதான் தெரியவந்தவர்கள் என்று ஒரு பிரிவினர் உண்டு. அவர்களிலும் நூற்றுக்கு 5 பேருக்கு விழித்திரையில் பாதிப்பு இருந்தது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோய், ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குப் பல வருடம் முன்பே உடம்பில் தொடங்கிவிடுகிறது என்பதே காரணம். "போன மாதம்தானே சுகர் வந்தது, அதற்குள் கண்ணா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எப்போது, எத்தனை தடவை

இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர், நோய் தெரிந்த உடனேயே ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. சிறு பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும், ஆரம்பம் முதலே இன்சுலின் போட வேண்டிய முதல் வகையாக இருந்தால், நோய் தெரிந்து ஐந்து வருடத்துக்குள் தொடங்கி ஒவ்வொரு வருடமும். பாதிப்பு லேசாக இருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி வரச் சொல்வார்கள். கூடுதலாக இருந்தால் மூன்று நான்கு மாதம். முற்றியிருந்தால் உடனே சிகிச்சை.

வருடத்துக்கு ஒரு தடவை என்றால் எப்போது என்பதுதான் வீடுகளில் சிக்கல். தேதி மறந்துவிடும். இதற்கு ஒரு யோசனை சொல்கிறேன், பல வீடுகளில் ஒத்து வந்திருக்கிறது. ஷஅபான் மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். நோன்புக்கு முன்பு மருத்துவரிடம் போய் மாத்திரை நேரத்தையும் இன்சுலின் அளவையும் மாற்றிக் கேட்டு வருவது சர்க்கரை நோயாளிக்கு எப்படியும் அவசியம். அந்த வாரத்திலேயே கண்ணையும் காட்டிவிடலாம். ஹிஜ்ரி வருடத்துக்குப் பெரும்பாலும் 354 நாட்கள்தான். ஒவ்வொரு ஷஅபானிலும் போனால் மருத்துவர் சொன்ன ஒரு வருடத்துக்குப் பதினோரு நாள் முன்னாலேயே போய்விடுவீர்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுற்றால் விழித்திரை பாதிப்பு வேகமாக முற்றக்கூடும். கரு தரிக்கும் முன்பே, இல்லையென்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகும் மருத்துவர் சொல்லும்போதெல்லாம் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் மட்டும் தலைகாட்டிப் போகும் சுகருக்கு இந்த அவசரம் இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதால் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. சவூதியிலிருந்தோ குவைத்திலிருந்தோ இரண்டு மாத லீவில் வருகிறீர்கள். கல்யாணம், வீட்டு வேலை, பத்திரப் பதிவு என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரியத்துக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு நாளைக் கண்ணுக்கு ஒதுக்குங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. அழைத்துப் போக ஆளில்லை என்று உம்மாமார்களும் மாமியார்களும் வருடக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். பர்தாவை நினைத்துத் தயங்குபவர்களும் உண்டு. விழித்திரைப் படம் எடுக்கும் கேமரா முகத்தைப் படம் பிடிப்பதில்லை, பாவைக்குள் நுழைந்து கண்ணின் பின்சுவரை மட்டும் எடுக்கிறது. கண்ணைத் தவிர வேறெதையும் திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும்

முதலில் எழுத்துப் பலகை, பிறகு கண் நீர் அழுத்தம். அதன் பின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். லேசாக எரியும். அரை மணி நேரம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். பாவை நன்றாக விரிந்ததும் மருத்துவர் வெளிச்சம் அடித்து லென்ஸ் வைத்து விழித்திரையின் ஓரம் வரைக்கும் பார்ப்பார். சில இடங்களில் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா என்று அறிய ஓசிடி என்ற ஸ்கேன் எடுப்பதும் உண்டு. எதிலும் வலி இல்லை.

சொட்டு மருந்து போட்ட பிறகு நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கலாகவும் வெயில் கூசும்படியும் இருக்கும். பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே "மருந்து போடாமல் பார்த்து அனுப்புங்கள்" என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவை விரியாமல் உள்ளே பார்ப்பது, ஜன்னலைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாக அறையைப் பார்ப்பது மாதிரி. ஒரு மூலைதான் தெரியும். இப்போது சில கேமராக்கள் மருந்து போடாமலேயே ஓரளவு படம் எடுத்துவிடுகின்றன. அதில் படம் தெளிவாக வராவிட்டால் மருந்து போட்டே ஆக வேண்டும்.

உயிருள்ள மனிதனின் ரத்தக் குழாயைத் தோலைக் கிழிக்காமல் நேரில் பார்க்க முடிகிற இடம் கண். அப்படிப் பார்க்கும் கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்து காட்டியது 1851-இல். நம் மேடைகளில் கண் மருத்துவ முன்னோடிகளான முஸ்லிம்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஆயிரம் வருடத்துக்கு முன்பு குழல் ஊசி வைத்துப் புரையை உறிஞ்சி எடுத்த அம்மார் அல்மவ்ஸிலியைப் பற்றி நானே பயானில் பேசியிருக்கிறேன். அவர் காலத்தில் விழித்திரையைப் பார்க்க வழியே இல்லை. வழி இருக்கும் காலத்தில் பிறந்த நாம் ஒரு சொட்டு மருந்துக்குச் சலித்துக்கொள்கிறோம்.

நோய் இருந்தால் என்ன செய்வார்கள்

லேசான பாதிப்புக்குக் கண்ணில் எந்தச் சிகிச்சையும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதுதான் மருந்து. இது வெறும் அறிவுரை அல்ல. அமெரிக்காவில் முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடந்து 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரை நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி எண்ணை உங்கள் ஃபோன் நம்பர் போல நினைவில் வைத்திருங்கள். காலையில் ஒரு நாள் பார்த்த வெறும் வயிற்றுக் கணக்கு மட்டும் போதாது. புகை பிடிப்பதை விட வேண்டும். சிறுநீரகக் கோளாறும் ரத்தசோகையும் இருந்தால் அவையும் கண்ணைக் கெடுக்கும்.

பல வருடம் தாறுமாறாக இருந்த சர்க்கரையை ஒரே மூச்சில் இறக்கும்போது, விழித்திரை பாதிப்பு கொஞ்ச காலத்துக்குக் கூடுவதும் உண்டு. அதனால் இன்சுலினோ வீரியமான புது ஊசி மருந்தோ தொடங்கும் முன் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது. "இன்சுலின் போட்டால் கண் போய்விடும்" என்று நம் பெண்கள் மத்தியில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு, வேறு வழியில்லாதபோதுதான் இன்சுலினுக்கு ஒப்புக்கொள்கிறோம். அதற்குள் கண் கெட்டிருக்கும். பழி இன்சுலின் மேல் விழுகிறது. நாளாவட்டத்தில் இன்சுலின் கண்ணைக் காக்கத்தான் செய்கிறது.

புதிய குழாய்கள் முளைக்கும் நிலைக்கு லேசர் சிகிச்சை. இது கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 1976-இலேயே காட்டிவிட்டது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே வருடம்தான். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடித்து அறுவை சிகிச்சை செய்தவர் அவர்.

லேசரைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருக்கும் பார்வையைக் காக்கும். இது தெரியாமல், "மூன்று தடவை லேசர் வைத்தும் ஒன்றும் தெளிவாகவில்லை" என்று பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் முழுக்க இழந்தவர்கள் உண்டு. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், அதை மருத்துவரே முன்கூட்டிச் சொல்வார். மாக்குலாவில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துவார்கள். கண்ணில் ஊசியா என்று எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். மரத்துப் போகச் சொட்டு மருந்து போட்ட பிறகு சில நொடி வேலை அது. ஆரம்பத்தில் மாதம் ஒன்று வீதம் பல ஊசிகள் தேவைப்படும். ஒன்றோடு நிறுத்தினால் பலன் நிற்காது. ரத்தம் தானாகக் கரையாவிட்டாலோ விழித்திரை இழுபட்டிருந்தாலோ அறுவை சிகிச்சை. புரை அறுவை செய்யப் போகும் சர்க்கரை நோயாளியும் முதலில் விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் புரையை எடுத்த பிறகும் பார்வை தெளியாமல் போகலாம்.

திடீரென்று கறுப்பு நூல், புள்ளி, மின்னல் வெட்டு, ஒரு பக்கம் திரை விழுந்தது போல் மறைப்பு, எதுவானாலும் வெள்ளிக்கிழமை முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே புறப்பட வேண்டும்.

நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள்

நோன்பு வைத்துக்கொண்டு கண்ணில் சொட்டு மருந்து போடலாமா என்று ரமளானில் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். போடலாம். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் கண்ணில் இடும் மருந்து நோன்பை முறிக்காது, தொண்டையில் அதன் ருசி தெரிந்தாலும் சரி. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் இதையே சொல்லியிருக்கிறது. ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கக் கையில் போடும் சாய ஊசி உணவாகாது என்பதால் அதனாலும் நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. நோன்பு வைக்கும் அளவுக்கு உடம்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வைக்கக் கூடாது என்று அவர் சொன்னால் அதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. வைப்பவர்கள் இஃப்தாரில் வடையும் சமோசாவும் சர்பத்தும் ஒன்றாக இறக்கினால் பகல் முழுதும் காத்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் எங்கேயோ போய் நிற்கும்.

அறுவைக்குப் பிறகு சில நாள் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது என்பார்கள். சில அறுவைகளுக்குப் பிறகு குப்புறப் படுக்கவும் சொல்வார்கள். ஸுஜூது முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ சைகையால் தொழலாம், தொழுகையில் குறை வராது. உளூவில் தண்ணீர் படாத இடத்துக்கு என்ன செய்வது என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் சற்று வேறுபாடு இருக்கிறது, உங்கள் ஊர் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை, பெரியத்தா கேட்டார். பார்வையை இழந்து பொறுமை காத்தவருக்குச் சொர்க்கம் உண்டு என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்த வயதில் லேசரும் ஊசியும் என்றார். ஹதீஸை எனக்கே எடுத்துச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தியும் கூட. எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: அது போய்விட்ட கண்ணுக்கு அல்லாஹ் தரும் ஆறுதல் பெரியத்தா, இருக்கிற கண்ணை விட்டுவிட அனுமதி இல்லை. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். வலது கண்ணுக்குப் பொறுமை, இடது கண்ணுக்கு லேசர் என்று வைத்துக்கொள்ளலாம். சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

வெளியுலகில் நடந்தது

இங்கிலாந்தில் 2003 முதல், சர்க்கரை நோயுள்ள 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் விழித்திரைப் படம் எடுக்க வரச் சொல்லி வீட்டுக்கே கடிதம் போகிறது. லண்டனில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் வருகிறது. அங்கே வேலை செய்யும் வயதினரின் பார்வை இழப்புக்கு ஐம்பது வருடமாக முதல் காரணமாக இருந்தது இந்த நோய். 2014-இல் வெளியான ஆய்வு, அது முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று காட்டியது. நல்ல சிகிச்சையும் காரணம்தான், ஆனால் நோயாளி தானாக வரும்வரை காத்திராமல் கூப்பிட்டுப் பார்த்ததும் முக்கியக் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நம்மிடம் கடிதம் இல்லை. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன, நம் தெருக்களில் எத்தனையோ முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுவதால் மருத்துவமனைப் பக்கம் போவதையே நிறுத்தியவர்களும் உண்டு. விழித்திரைப் பரிசோதனை மாத்திரைப் பையில் வராது. மாத்திரை கொண்டு வரும் சகோதரியிடமே, கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள்.

கண் டாக்டர்கள் குறைவு, நோயாளிகள் கோடிக் கணக்கு. அதனால் விழித்திரைப் படத்தைக் கணினியே பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்லும் முறையும் வந்திருக்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. 2019-இல் அது நோயாளிகளிடம் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்ததும் மதுரை அரவிந்தில்தான். கணினி சொல்வது போகவேண்டிய ஆளைப் பிரித்துக் காட்டும், சிகிச்சைக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளிவாசல் வளாகத்தில் கண் முகாம் வைக்கும்போது நோட்டீஸ் அடிக்கும் முன் நடத்துபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சுகர் உள்ளவர்களுக்கு விழித்திரைப் படம் எடுப்பீர்களா? எடுப்பார்கள் என்றால் நோட்டீஸில் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இல்லை என்றால், இது புரைக்கும் கண்ணாடிக்கும் மட்டும் என்று ஜும்ஆவில் அறிவித்துவிடுங்கள். பெரியத்தாவின் சீட்டு போல இன்னொரு சீட்டு யாருடைய வீட்டுக்கும் போக வேண்டாம்.

நம் ஊரிலிருந்து போக

விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலோ கடலூர் தலைமை மருத்துவமனையிலோ கண் பிரிவில் முதலில் விசாரித்துக்கொள்ளலாம். விழித்திரைக்கென்று தனி மருத்துவர்கள் உள்ள பெரிய இடங்கள் நமக்குப் புதுச்சேரிப் பக்கம் இருக்கின்றன. ஒன்று, 2003-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. விருத்தாசலத்திலிருந்து வடலூர் வழியாகக் கடலூர் போய், அங்கே புதுச்சேரி பஸ் ஏறினால் வழியில் தவளக்குப்பத்தில் இறங்கிக்கொள்ளலாம். கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனியே உண்டு. மற்றொன்று கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர். சிகிச்சை தேவைப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் எது வரும், எது வராது என்று அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுவிடுங்கள், வெளியே யாரோ சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

காலையிலேயே கிளம்புங்கள். சுகர் மாத்திரையையும் சாப்பாட்டையும் தவிர்த்துவிட்டுப் போக வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்குப் போவது போல வெறும் வயிறு இதற்குத் தேவையில்லை. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, பழைய கண்ணாடி, ஆதார், காப்பீட்டு அட்டை, திரும்பி வர ஒரு கறுப்புக் கண்ணாடி அல்லது குடை. கூட ஒரு ஆள். மருத்துவர் எழுதித் தரும் அடுத்த தேதியைக் கேட்டு வாங்கி, தொழுகை நேர அட்டவணை தொங்கும் இடத்திலேயே ஒட்டி வையுங்கள். பெரியத்தா வீட்டில் இப்போது அங்கேதான் ஒட்டியிருக்கிறது. இடது கண்ணுக்கு மூன்றாவது லேசர் முடிந்து, அடுத்த வருகை ரபீஉல் ஆகிர் முதல் வாரம் என்று எழுதியிருக்கிறார்கள்.